வாழ்த்து அட்டைக்கு வண்ணப் பின்னணி: மைதா பசையிலிருந்து மெழுகுக் கோலம் வரை

கையால் வாழ்த்து அட்டை செய்ய உட்காருகிற பலர் முதலில் யோசிப்பது மேலே எதை ஒட்டலாம் என்பதைத்தான். காகிதப் பூ, ரிப்பன், முத்து, மினுமினுப்புத் தூள் என்று கடையையே வாங்கி வந்துவிடுவார்கள். பின்னணி கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும், அதற்கும் கலர் சார்ட்டில் ஒரு துண்டை வெட்டி ஒட்டிவிடுவார்கள். நான் இதை அப்படியே தலைகீழாகச் செய்யச் சொல்வேன். பின்னணி நன்றாக அமைந்துவிட்டால் அதன்மேல் ஒரு வெள்ளைப் பட்டையும் 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்ற ஒரு வரியும் போதும், அட்டை முடிந்தது.

இன்னொரு விஷயத்தையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். அட்டையின் மேல் நேரடியாக வண்ணம் பூசாதீர்கள். ஈரம் பட்டால் அட்டை வளையும், மடிப்பில் சாயம் தேங்கும், ஒரு இடம் கெட்டால் மொத்த அட்டையும் போச்சு. தனியாக ஒரு பெரிய தாளில் வண்ணம் பூசி, காய்ந்த பிறகு அதில் எந்த இடம் அழகாக வந்திருக்கிறதோ அதை மட்டும் வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். முழுத் தாளும் அழகாக வர வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஏ4 தாளில் உள்ளங்கை அளவுக்கு ஒரு நல்ல இடம் அமைந்தாலும் ஒரு அட்டை தேறிவிடும். படம் வரையத் தெரியாதவர்கள்கூட தைரியமாக இறங்கலாம் என்று சொல்வது இதனால்தான்.

அளவும் தாளும்

கவரை முதலில் வாங்குங்கள், அட்டையைப் பிறகு வெட்டுங்கள். அட்டையைச் செய்துவிட்டு அதற்குப் பொருத்தமான கவரைத் தேடி அலைவது வீண் வேலை. ஏ4 அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் இரண்டு ஏ5 கிடைக்கும். ஒவ்வொன்றையும் மடித்தால் முன்பக்கம் 105 × 148 மில்லிமீட்டர் வரும், அதாவது ஏ6. சி6 என்று விற்கும் 114 × 162 மில்லிமீட்டர் கவரில் இது சரியாக உட்காரும். பின்னணித் துண்டை 95 × 138 மில்லிமீட்டருக்கு வெட்டினால் நான்கு பக்கமும் 5 மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு கிடைக்கும். எவ்வளவு கலவரமான பின்னணியையும் இந்த விளிம்பு அடக்கிக் காட்டும், அதனால் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மடிக்கும் அட்டைக்கு 220 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை உள்ள ஐவரி போர்டு நல்லது. பின்னணிக்கு என்ன தாள் என்பது முறையைப் பொறுத்தது. மைதா பசை முறைக்கு 120 முதல் 150 ஜிஎஸ்எம் உள்ள டிராயிங் தாள் போதும். வாட்டர் கலரைத் தண்ணீராக ஓட விடுவதென்றால் 300 ஜிஎஸ்எம் வாட்டர் கலர் தாள் வேண்டும், அதில் கஞ்சத்தனம் பார்த்தால் பலன் வராது. பிரிண்டரில் போடும் 75 ஜிஎஸ்எம் தாள் எதற்கும் ஆகாது, ஈரம் பட்டதும் அப்பளமாகச் சுருண்டுவிடும்.

எந்த நிறத்தோடு எந்த நிறம்

வண்ணச் சக்கரப் பாடமெல்லாம் இப்போது வேண்டாம். இரண்டு நிறங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று கலந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மஞ்சளும் இளஞ்சிவப்பும் சேர்ந்தால் ஆரஞ்சு, இளஞ்சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா, நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. இந்த மூன்று ஜோடிகளில் எதை எடுத்தாலும் நடுவில் இன்னொரு நல்ல நிறம் இலவசமாகக் கிடைக்கும். சிவப்போடு பச்சை, மஞ்சளோடு ஊதா, நீலத்தோடு ஆரஞ்சு ஆகியவை ஈரத்தில் சேர்ந்தால் சேற்று நிறம்தான் மிஞ்சும். இந்த எதிர் ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பளிச்சென்று தெரியும், பட்டுப்புடவையில் பச்சை உடலும் சிவப்புக் கரையும் அப்படித்தான். அதனால் இவற்றைப் பயன்படுத்த ஆசைப்பட்டால் முதல் நிறம் முழுக்கக் காய்ந்த பிறகே இரண்டாவதைத் தொடுங்கள்.

ஒரு தாளுக்கு இரண்டு நிறம், மிஞ்சினால் மூன்று. பெட்டியில் பன்னிரண்டு நிறம் இருக்கிறது என்பதற்காக பன்னிரண்டையும் கொட்டினால் எல்லாம் கலந்து பழுப்பில்தான் போய் முடியும்.

மைதா பசைத் தாள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்து பார்ப்பீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். செலவு மிகக் குறைவு, பார்ப்பவர்கள் 'எந்தக் கடையில் வாங்கினாய்' என்று கேட்கும் அளவுக்கு முடிவு இருக்கும். ஐரோப்பாவில் புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் சில நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வரும் முறை இது. பசையில் வண்ணத்தைக் கலந்து தாளில் பூசி, ஈரமாக இருக்கும்போதே சீப்பாலும் விரலாலும் கோடு இழுத்துப் புத்தக அட்டைகளுக்கு ஒட்டினார்கள். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் இருந்த மொரேவியக் கிறிஸ்தவச் சமூகத்தார் 18ஆம் நூற்றாண்டில் செய்த பசைத் தாள்கள் இதற்குப் பேர்போனவை. நமக்கு மைதா பசை சுவரொட்டி ஒட்டத்தான் தெரியும், அதே பசைதான் இங்கே வண்ணத்தைத் தாங்குகிறது.

பசை காய்ச்சுவது இப்படி. ஐந்து மேசைக்கரண்டி மைதாவை அரை கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். ஒன்றரை கப் தண்ணீரைச் சூடாக்கி, கரைசலை அதில் ஊற்றி, அடுப்பைச் சிறு தீயில் வைத்துக் கை விடாமல் கிளறுங்கள். வெள்ளையாக இருந்தது சற்றுக் கண்ணாடித் தன்மைக்கு மாறி கூழ் பதத்துக்கு வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். ஆறும்போது இன்னும் கெட்டியாகும். கடைசியில் கெட்டித் தயிர் பதம் வேண்டும், இறுகிவிட்டால் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். ஆறியதும் வடிகட்டியில் தேய்த்து வடித்துவிடுங்கள், இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு கட்டியும் தாளில் கீறல் போடும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் அரை டீஸ்பூன் சேர்த்தால் பசை பிரஷ்ஷில் வழுக்கிக்கொண்டு போகும்.

பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவது வழக்கம். வீட்டில், அதுவும் குழந்தைகள் கை வைக்கும் வேலையில், அது வேண்டவே வேண்டாம், விஷம். பசையை மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

மூன்று மேசைக்கரண்டி பசைக்கு ஒரு டீஸ்பூன் அக்ரிலிக் பெயிண்ட் என்று கலந்து தொடங்குங்கள். ஃபெவிக்ரில் போன்ற சாதாரண அக்ரிலிக் போதும். போஸ்டர் கலரிலும் செய்யலாம், ஆனால் காய்ந்த பிறகும் ஈரக்கை பட்டால் கையோடு வந்துவிடும். வாழ்த்து அட்டை பல கைகள் மாறும் பொருள் என்பதால் அக்ரிலிக்தான் சரி.

சமையலறை கிரானைட் மேடையில் பழைய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். தாளின் இரண்டு பக்கத்தையும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து ஓரிரு நிமிடம் விடுங்கள். ஈரத்தில் தாள் சற்று விரியும், விரிந்து முடித்த பிறகு மேடையில் ஒட்டினால்தான் பிறகு குமிழ் எழாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்பாஞ்சால் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். அகலப் பிரஷ்ஷால் வண்ணப் பசையை முதலில் நெடுக்கிலும் பிறகு குறுக்கிலும் சீராகப் பூசுங்கள். கீழே தாள் லேசாகத் தெரியும் கனம் போதும். இரண்டு நிறம் வேண்டுமென்றால் பட்டை பட்டையாக அடுத்தடுத்துப் பூசலாம்.

இப்போது சீப்பை எடுங்கள். பழைய தலைசீப்பு, முள்கரண்டி, ஓரத்தில் பற்கள் வெட்டிய பழைய ஏடிஎம் கார்டு எதுவும் ஆகும். கார்டில் பற்களை ஒரே அளவாக வெட்டாமல் ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம் என்று வெட்டினால் கோடுகளுக்கு உயிர் வரும். சீப்பை நேராக இழுத்தால் கோடு, அசைத்துக்கொண்டே இழுத்தால் அலை, அலையின் மேல் குறுக்கே மறுபடி அலை இழுத்தால் பின்னல். கட்டை விரலைச் சாய்த்து அழுத்தி அழுத்தி எடுத்தால் செதில் வரிசை வரும். பிடிக்கவில்லையா? பிரஷ்ஷை ஒரு தடவை ஓட்டிவிட்டு மறுபடி இழுக்கலாம். பசை ஈரமாக இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் அழிக்கலாம், வாட்டர் கலரில் இந்தச் சலுகை கிடையாது. ஆனால் தாள் நனைந்து நார் எழ ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள்.

சீப்பே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. இரண்டு தாள்களில் பசை பூசி, முகத்தோடு முகம் சேர்த்து மெதுவாகத் தட்டி, ஒரு மூலையைப் பிடித்துப் பிரியுங்கள். இலை நரம்பு போலக் கிளை விட்ட கோடுகள் இரண்டு தாளிலும் வந்திருக்கும். ஒன்றில் நீலமும் மற்றதில் வெள்ளையும் பூசிப் பிரித்துப் பாருங்கள்.

கொடியில் கிளிப் போட்டுக் காயவிடலாம், அல்லது பிளாஸ்டிக்கின் மேலேயே கிடக்க விடலாம். வெயில் நாளில் சில மணி நேரம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு நாள்கூட ஆகும். காய்ந்த தாள் சற்று நெளிந்திருக்கும். பின்பக்கத்தில் மிதமான சூட்டில், மேலே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு இஸ்திரி போட்டால் நிமிர்ந்துவிடும்.

ஈரத் தாளில் வாட்டர் கலர், மேலே உப்பு

வாட்டர் கலர் தாளைப் பலகையில் வைத்து நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அகலப் பிரஷ்ஷால் சுத்தத் தண்ணீர் தடவுங்கள். சாய்த்துப் பார்த்தால் தாள் பளபளக்க வேண்டும், ஆனால் குட்டை கட்டக்கூடாது. ஒரு பக்கம் மஞ்சள், எதிர்ப்பக்கம் இளஞ்சிவப்பு என்று தொட்டுத் தொட்டு வைத்துவிட்டுப் பலகையை இப்படியும் அப்படியும் சாயுங்கள். கலக்கும் வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். அங்கங்கே வெள்ளை விடுங்கள். காய்ந்தால் நிறம் வெளுக்கும், அதனால் ஈரத்தில் உங்களுக்குச் சற்று அடர்த்தியாகத் தெரிந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பளபளப்பு மங்கத் தொடங்கும் நேரம்தான் உப்புக்கு நேரம். அதற்கு முன்னால் போட்டால் கரைந்து போகும், பின்னால் போட்டால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு உப்புத் துணுக்கும் தன்னைச் சுற்றியுள்ள வண்ண நீரை இழுத்து, அந்த இடத்தில் வெளிர் நட்சத்திரம் ஒன்றை விட்டுவைக்கும். தூள் உப்பு பொடிப்பூ, கல் உப்பு பெரிய பூ. இரண்டையும் கலந்து தூவினால் இன்னும் இயல்பாக இருக்கும். முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள். ஹேர் டிரையரைக் கிட்டே பிடித்து அவசரப்படுத்தினால் காற்று வண்ணத்தைத் தள்ளிவிடும். காய்ந்ததும் கையால் உதறி, பிறகே டேப்பைத் தாளுக்குப் படுக்கையாக, மெல்ல இழுத்து எடுங்கள். மலிவான சார்ட்டில் உப்பு சரியாக வேலை செய்யாது, வண்ணம் உடனே உள்ளே இறங்கிவிடும்.

உப்புக்குப் பதிலாக, ஈர வண்ணத்தின் மேல் உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் உறையைச் சுருக்கம் சுருக்கமாகப் போர்த்திக் காயவிட்டால் பளிங்குக் கல் போன்ற வரிகள் கிடைக்கும். காய ரொம்ப நேரமாகும், ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுப்பது நல்லது.

மெழுகுக் கோலம்

பொங்கலுக்கும் மார்கழிக்கும் இதைவிடப் பொருத்தமான பின்னணி எனக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் பொங்கல் வந்தாலே தபாலில் சிவகாசி அச்சு அட்டைகள் வந்து குவியும், எல்லாவற்றிலும் கரும்பும் பானையும் சூரியனும்தான். கையால் செய்யும்போது அதையே திரும்ப வரைவானேன்?

வெள்ளை மெழுகுவத்தியின் முனையைக் கத்தியால் சீவிக் கூராக்குங்கள், அல்லது வெள்ளை கிரேயான் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலால் மிக லேசாகப் புள்ளி வைத்து, மெழுகால் அழுத்திக் கோலம் போடுங்கள். வெள்ளையில் வெள்ளை என்பதால் கண்ணுக்குத் தெரியாது, தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மெழுகு மின்னும். பிறகு வாட்டர் கலரைத் தண்ணீராகக் கரைத்து ஒரே வீச்சில் பூசுங்கள். மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாமல் விலகி, கோலம் வெள்ளையாக எழுந்து வரும். அடர் நீலமும் அரக்குச் சிவப்பும் இதற்கு அருமை, மஞ்சள் எடுபடாது. இந்தத் தாளின் மேல் பேனா ஓடாது, எனவே வாழ்த்து வரியைத் தனித் துண்டில்தான் எழுத வேண்டும்.

ஷேவிங் ஃபோம் மார்பிளிங்

தண்ணீரில் வண்ணத்தை மிதக்கவிட்டுத் தாளில் எடுக்கும் கலைதான் மார்பிளிங், ஜப்பானில் அது சுமினாகாஷி, துருக்கியில் எப்ரு. எப்ருவை யுனெஸ்கோ 2014இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலையிலும் மார்பிளிங் செய்த தாள்கள் தயாராகின்றன. அவற்றை வாங்கி ஒட்டினாலும் ஒன்றும் குறைவில்லை.

முறையான மார்பிளிங்குக்குப் பெரும்பாலும் தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டும், தாளுக்குப் படிகாரத் தண்ணீர் பூசிக் காயவைக்க வேண்டும், வேலை அதிகம். குழந்தைகளோடு செய்ய ஷேவிங் ஃபோம் சுலபம். ஜெல் வாங்கிவிடாதீர்கள், நுரையாக வருவதுதான் வேண்டும். தட்டில் விரல் கனத்துக்கு நுரையைப் பரப்பிச் சமப்படுத்தி, தண்ணீர் கலந்த அக்ரிலிக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பல் குத்தும் குச்சியால் முன்னும் பின்னும் கோடு இழுங்கள். தாளை அதன்மேல் வைத்து மெதுவாக அழுத்தி எடுத்து, ஒரு நிமிடம் கழித்து ஸ்கேலால் நுரையை வழித்துவிடுங்கள். நுரைக்கு அடியில் வரிகள் அப்படியே தாளில் பதிந்திருக்கும். அதே நுரையில் இன்னும் இரண்டு மூன்று தாள் எடுக்கலாம், ஒவ்வொன்றும் முந்தையதைவிட வெளிறி வரும். கேசரிப் பவுடரிலும் செய்யலாம், வெயில் பட்டால் அந்த நிறம் நிற்காது.

சாயம் வெளுப்பதைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். மஞ்சள்தூள் கரைசலைப் பூசி அதன்மேல் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கோடு போட்டால் செம்பழுப்பாக மாறும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீலத்தின் மேல் எலுமிச்சைச் சாறு சொட்டினால் ஊதாப் பூ பூக்கும். பிள்ளைகள் குதிப்பார்கள். ஆனால் மஞ்சள்தூளின் நிறம் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கிவிடும், சங்குப்பூவையும் நம்ப முடியாது. சுவரில் மாட்டிவைக்கப் போகிறவருக்கு இதில் செய்து கொடுக்காதீர்கள்.

நாளைக்கே அட்டை வேண்டுமென்றால்

ஸ்டாம்ப் பேடும் மேக்கப் ஸ்பாஞ்சும் போதும். ஸ்பாஞ்சைப் பேடில் ஒற்றி, முதலில் வேண்டாத தாளில் தொடங்கி, வட்டமாகச் சுழற்றிக்கொண்டே நல்ல தாளுக்குள் நுழையுங்கள். நேராக நல்ல தாளில் வைத்தால் திட்டு விழும், அதை மறைக்கவே முடியாது. ஓரங்களில் ஊதா, நடுவுக்கு வரவர நீலம், மையத்தில் வெள்ளை. அதன்மேல் வெள்ளை போஸ்டர் கலரைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுக் கட்டை விரலால் தெறிக்கவிட்டால் இரவு வானம். கறுப்புத் தாளில் ஒரு பனைமரத்தை வெட்டிக் கீழே ஒட்டினால் அரை மணியில் அட்டை தயார்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

வேண்டாத அட்டையில் 95 × 138 மில்லிமீட்டருக்கு ஒரு ஜன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். அதை வண்ணத் தாளின் மேல் நகர்த்தி, சாய்த்து, திருப்பிப் பாருங்கள். சுமாராகத் தெரிந்த தாளுக்குள்ளும் ஒரு நல்ல சட்டகம் அகப்படும். கோடுகள் நேராக இருந்தால் ஜன்னலைச் சற்றுச் சாய்த்து வைத்துப் பாருங்கள், அசைவு வந்துவிடும். பிடித்த இடத்தில் பென்சிலால் குறித்து, ஸ்டீல் ஸ்கேலும் கட்டரும் வைத்து வெட்டுங்கள். கத்தரிக்கோலில் இந்த நேர்த்தி வராது.

அட்டையை மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்தமாக ஒரு கோடு இழுங்கள், மடிப்பு பிளக்காது. தாளுக்கும் நார்ப்போக்கு உண்டு. இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் சுலபமாக வளையும், மடிப்பு அந்த வளைவின் போக்கிலேயே இருக்க வேண்டும். எதிர்த்து மடித்தால் முதுகில் நார் வெடித்துப் பிசிறடிக்கும்.

ஒட்டுவதற்கு இரட்டைப் பக்க டேப்பே என் முதல் தேர்வு. ஃபெவிகால் என்றால் மிக மெல்லியதாக, பழைய கார்டால் இழுத்துத் தடவி, பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வையுங்கள். தடிமனாகப் பூசினால் அதிலுள்ள தண்ணீர் தாளைச் சுருக்கும்.

எழுத்து எங்கே வரும் என்பதை இப்போது முடிவு செய்யுங்கள். பின்னணியை ஃபோனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் நேராக அதன்மேல் எழுதலாம். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறித் தெரிந்தால் எந்தப் பேனாவும் எடுபடாது, வெள்ளைப் பட்டை ஒட்டி அதில் எழுதுங்கள். மினுமினுப்புத் தூளைத் தயவுசெய்து தவிருங்கள், கவரைப் பிரிப்பவர் வீட்டில் ஒரு வாரம் அது பறந்துகொண்டிருக்கும்.

அக்ரிலிக் பூசிய அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளைக் குப்பையில் போட வேண்டாம். இரண்டு சென்டிமீட்டர் பட்டைகள் புத்தகக் குறியாகும், சின்னச் சதுரங்கள் பரிசுப் பெட்டியில் பெயர்ச்சீட்டாகும். சற்றுப் பெரிய துண்டு இருந்தால் கவரின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள், பசை தடவும் ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு.